கற்பூரம் மணக்கும் சட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்களை ஓட்டிவிட்டேன். சாமிக்கு வைத்த நேர்த்தியை வெளியில் பேசினால் அதன் பலன் குறைந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம். இன்னொரு பயம் மாமாவை நினைத்து. மாமா என்றால் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் வாலிபத்திலிருந்து வேலை செய்தவர். ஆண்டவன் புண்ணியத்தில் இன்றைக்கும் நல்ல சுகத்தோடு இருக்கிறார். இதில் அவருடைய மானம் கொஞ்சம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஏப்ரல் லீவில்தான் என் வாய் திறந்துவிட்டது. நாங்கள் இப்போது கொட்டகலையில் இருக்கிறோம். மகனுக்குப் பதினாறு வயது, மகளுக்குப் பதின்மூன்று. இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு, லீவில் எந்த மலை ஏறுவது, என்ன சப்பாத்து போடுவது, மழை வந்தால் என்ன செய்வது என்று மூன்று நாளாகத் திட்டம் போட்டார்கள். கடைசியில் மகள் அடுப்படிக்கு வந்து, "அம்மா, சின்னத் தாத்தாவயே தலைவராப் போட்டுட்டோம். அவருக்குத்தான் மல ஏறி அனுபவம்" என்றாள். அவள் சின்னத் தாத்தா என்பது என் மாமாவைத்தான். நான் சிரித்த சிரிப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ஏன் சிரித்தேன் என்று சொல்லாமல் பிள்ளைகள் என்னை விடவில்லை. சொன்னதும், இதை எழுதி வை என்று நச்சரித்தார்கள். மாமாவிடம் அனுமதி கேட்டேன். யார் யார் படிப்பார்கள் என்று முதலில் கேட்டார். பிறகு, "எழுதும்மா. ஆனா எட்டுன்னு எழுது" என்றார்.

என்ன எட்டு என்பது போகப் போகத் தெரியும்.

அப்போது நாங்கள் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவுக்குப் பதினாலு, அண்ணனுக்குப் பதினைந்து. சின்ன வயதில் எனக்குக் கடுமையான இளைப்பு. நாலு வயதில் ஒருநாள் மூச்சே நின்றுபோய், அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். அன்றைக்கு அம்மா ஒரு நேர்த்தி வைத்தார். இந்தப் பிள்ளை பிழைத்து, தன் சொந்தக் காலால் சிவனொளிபாத மலை ஏறி வந்து கற்பூரம் கொளுத்த வேண்டும். அதுவரைக்கும் வருடம் தவறாமல் ஒரு கற்பூரம் மலை உச்சிக்குப் போக வேண்டும்.

அம்மாவால் போக முடியாது. கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துவிட்டது. அதனால் தம்பியை நம்பினார். ஒவ்வொரு வருடமும் மலை சீசன் வந்ததும் கற்பூரத்தைத் தாளில் மடித்து, மஞ்சள் நூல் சுற்றி மாமாவிடம் கொடுப்பார். மாமா கடையில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போவார். சித்திரை வருடப் பிறப்புக்கு எங்கள் லயத்துக்கு வரும்போது மலையடிவாரத்து மஸ்கெட் இனிப்பு ஒரு பெட்டியும், மலையைப் பற்றி ஒரு மூட்டைக் கதையும் கொண்டுவருவார்.

"மேல காத்து எப்படின்னு நெனைக்கிறீங்க? எருமையத் தூக்கிரும்."

"எரும எப்படி மாமா அங்க ஏறுச்சு?" என்பான் அண்ணன்.

"ஒதாரணத்துக்குச் சொன்னேன்டா."

அவர் தன் துணிப்பெட்டியைத் திறந்தால் வீடெல்லாம் கற்பூரம் மணக்கும். சட்டை, சாரம், துவாய் எல்லாவற்றிலும் அந்த வாசம். எங்கள் எல்லாருக்கும் அது மலையின் வாசம். அந்தச் சட்டைகளைப் பீலித் தண்ணீரில் துவைக்க எடுத்துப் போகும்போது அம்மா ஒன்றை மூக்கில் வைத்துப் பார்ப்பார். "கமகமன்னு இருக்குடா தம்பி. மேல ரொம்ப நேரம் நின்னியோ?" என்பார். "ஆமாக்கா, கூட்டம்" என்பார் மாமா. அக்கம்பக்கத்துப் பெண்கள்கூட வந்து அந்தச் சட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

இப்படி ஏழு வருடம் போனது. எட்டாவது வருடம் அம்மா கற்பூரத்தைக் கொடுத்தனுப்பவில்லை. சித்திரைக்கு வந்த மாமாவிடம் சொன்னார்: "இவளுக்கு இப்ப இளைப்பு விட்டுருச்சு. பள்ளிக்கூட லீவும் இருக்கு. இந்தத் தடவ புள்ளைங்க மூனு பேரையும் நீயே கூட்டிட்டுப் போயிட்டு வா. ராத்திரியில வேணாம், பகல்ல ஏறுங்க."

மாமா வாயிலிருந்த பலகாரத்தை விழுங்க முடியாமல் தண்ணீர் கேட்டார்.

ஆனால் மறுநாள் காலையில் அவர் வேறு ஆளாக எழும்பினார். துணிக்கடைக் கலண்டரின் பின்பக்கத்தில் திட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினார். மலைக்குப் போக உடம்பு பழக வேண்டுமாம். ஒரு வாரம் பயிற்சி. லயத்திலிருந்து மேலே மாரியம்மன் கோயிலுக்குப் போகும் படியில் நாங்கள் ஏறி இறங்க வேண்டும். அந்தப் படியில் நாங்கள் தினமும் தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிறவர்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் மலை, விறகுக்கு இந்தப் பக்கம் மலை. அப்பா பார்த்துவிட்டு, "மலையிலயே பொறந்து மலையிலயே வேல செய்றவங்களுக்கு, லீவுக்கும் மலையாடா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விட்டார்.

மாமா கீழ்ப்படியில் ஒரு குடையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு விசில் ஊதுவார். நாங்கள் ஓடி ஏறுவோம். "மெதுவா! மலையில ஓடக்கூடாது!" என்று கத்துவார்.

"நீங்களும் வாங்க மாமா" என்றாள் அக்கா.

"தலைவன் எப்பவும் பின்னாடிதான் வரணும். நீங்க விழுந்தா புடிக்கிறது யாரு?"

"இவ்வளவு பின்னாடியா?"

சாயங்காலத்தில் பாடம் நடக்கும். மலையில் களைப்பு என்று சொல்லக்கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று யாரிடமும் கேட்கவே கூடாது, கேட்டால் மலை வளர்ந்துவிடும். உச்சியில் ஒரு மணி இருக்கும். எத்தனையாவது தடவை மலைக்கு வந்திருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். கூட்டியும் அடிக்கக்கூடாது, குறைத்தும் அடிக்கக்கூடாது, அது சாமி பார்க்கிற கணக்கு. இதைச் சொல்லும்போது மட்டும் மாமா சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப நாங்க ஒன்னு, நீங்க எட்டு" என்றேன் நான். எனக்கு அது பெரிய பெருமை. எட்டு மணி அடிக்கிற மாமா எங்கள் லயத்தில் வேறு யாருக்கு இருக்கிறார்?

போகிற அன்று விடியற்காலையில் அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தார். அந்த வருடத்துக் கற்பூரத்தை மாமாவிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தார். என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "மாமா கைய விடாத. ஏறும்போதும் விடாத, எறங்கும்போதும் விடாத. என்னா?"

"சரிம்மா" என்றேன். எனக்கு மறுபடியும் இளைப்பு வந்துவிடுமோ என்று அம்மா பயப்படுவதாக நினைத்துக்கொண்டேன்.

ஹட்டனில் பஸ் மாறி மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய் இறங்கினோம். கடைத்தெருவில் ஒரு மஸ்கெட் கடை. அந்தக் கடைக்கார நானா மாமாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழும்பி வந்தார்.

"வாங்க தம்பி, வாங்க! என்ன, இந்த வருசமாவது ஏறுவீங்களா? இல்ல வழக்கம்போல ரெண்டு பிளேன்டீ குடிச்சிட்டு, மலையப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு, மஸ்கெட்டோட பஸ் ஏறுறதா?"

அண்ணன் வாயைத் திறந்தபடியே நின்றான். மாமா மஸ்கெட் கடைப் பலகையைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், எங்களைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"மாமா, நீங்க ஏறுனதே இல்லையா?" என்றாள் அக்கா.

"வந்தேம்மா. வருசா வருசம் இதுவரைக்கும் வந்தேன். முதல் படியில கால வச்சு மேல பாத்தா தல சுத்துது. எனக்கு ஒசரம்னா ஆகாது." பிறகு கொஞ்சம் தைரியம் வந்தவராக, "நீங்க மூனு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்க இருந்து செருப்பப் பாத்துக்கிறேன்" என்று கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"செருப்பப் போட்டுக்கிட்டுத்தான மாமா ஏறப்போறோம்?" என்றான் அண்ணன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் கற்பூரம் இருக்கிறது. மலை கண் முன்னால் நிற்கிறது. என் நேர்த்தி இன்றைக்கு முடியாவிட்டால் மறுபடி இளைப்பு வந்துவிடும் என்று நான் சத்தியமாக நம்பினேன். ஆனால் அம்மா கையை விடாதே என்று சொல்லியிருக்கிறார். மாமாவை விட்டுவிட்டு ஏறினால் அம்மா சொல் தவறும். ஏறாவிட்டால் சாமி சொல் தவறும். நான் மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க வரலன்னா நானும் இங்கதான். கைய விட மாட்டேன். அம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

நானா என்னைப் பார்த்தார். "புள்ள சொல்லுதுல்ல, எழும்புங்க தம்பி. இன்னைக்கு உங்களுக்கு பிளேன்டீ கெடையாது" என்றார்.

மாமா எழும்பினார். அழுதுகொண்டேதான் எழும்பினார்.

அந்த ஏற்றத்தைச் சொல்லி முடியாது. நாங்கள் மூன்று பேரும் வீட்டுப் படி ஏறுவதுபோல் ஏறினோம். இளைத்தது நான் இல்லை, மாமா. இருபது படிக்கு ஒருதரம் உட்கார்ந்தார். கம்பி போட்ட செங்குத்துப் படி வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் முன்னால் நின்று கையைப் பிடித்து, "இந்தப் படி ஒசரம் மாமா... இப்ப சின்னது... இப்ப ஈரம்" என்று சொல்லிச் சொல்லி ஏற்றினேன். "நீ கீழ பாக்காத, ஒனக்குப் பயம் வரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாதி வழியில், "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார்.

"அப்படிக் கேக்கக்கூடாதுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க!"

"அது ஏறி இறங்குனவங்களுக்கு. நான் சும்மா கேக்குறேன்."

"மல வளந்துருச்சு. நீங்க கேட்டதாலதான்" என்றான் அண்ணன் பின்னாலிருந்து. தலைவர் விழுந்தால் பிடிக்க அவன்தான் பின்னால் வந்தான்.

அரோகரா சொல்லி உச்சியில் கால் வைத்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அங்கே இருக்கும் சாமி பாதத்தைக் கும்பிட்டோம். கற்பூரம் கொளுத்தும் இடத்தில் மாமா தன் பையைத் திறந்தார். உள்ளே ஏழு பொட்டலம். அம்மா ஏழு வருடமாகக் கொடுத்த கற்பூரம். எறியவும் மனம் வராமல், வேறு கோயிலில் கொளுத்தவும் பயந்து, எல்லாவற்றையும் தன் துணிப்பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தாராம். ஏழையும் சேர்த்து இங்கே கொளுத்தி மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னார்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தார். வெறும் தாள். இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. ஐந்து பொட்டலம் வரைக்கும் மஞ்சள் நூலும் தாளும்தான். மற்ற இரண்டில் சீனி ஒட்டியதுபோல் கொஞ்சம் துகள்.

"எலி தின்னுருச்சா மாமா?"

"கற்பூரத்த எலி திங்குமாடா!" மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "கற்பூரம் காத்துல கரைஞ்சு போச்சு. ஏழு வருசமும் போச்சே."

"இல்ல மாமா. நீங்க கொண்டுவரல, சாமியே வந்து எடுத்துக்கிட்டாரு" என்றாள் அக்கா. அவள் கிண்டலாகச் சொன்னாளோ பக்தியாகச் சொன்னாளோ, மாமா அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

என் கற்பூரம் மட்டும் முழுசாக இருந்தது. காற்றில் நெருப்புக்குச்சி நிற்கவில்லை. நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டிச் சுவர் மாதிரி நின்றோம். பத்துக் குச்சிக்குமேல் வீணானபின் பற்றிக்கொண்டது.

பிறகு மணி. எங்களுக்கு முன்னால் ஒரு சிங்களத்துக் கிழவி பல்லில்லாத சிரிப்போடு பதினெட்டோ பத்தொன்பதோ அடித்தார். சுற்றி நின்றவர்கள் சாது சாது என்று கும்பிட்டார்கள். அடுத்தது மாமா. கயிற்றைப் பிடித்தார். பின்னால் ஹட்டன் டவுன்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள், மாமாவின் மலைக் கதைகளைக் கடையில் கேட்டவர்கள். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணக் காத்திருந்தோம்.

ஒரு தடவை அடித்தார். கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இறங்கும்போது மாமா எங்களிடம் ஒரே கெஞ்சல். "வீட்டுல கேட்டா எட்டுன்னு சொல்லிருங்க. உங்க அம்மா மனசு தாங்காது." அண்ணன் ஒரு கிரிக்கெட் மட்டைக்கு ஒத்துக்கொண்டான், அக்கா ஒரு சட்டைத் துணிக்கு. நான் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர்கள் இரண்டு பேரையும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "மாமா மணி எத்தன தடவ அடிச்சான்?"

மாமா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டு விரலைக் காட்டினார். நான் விரலைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் சாமி பாதத்தைத் தொட்டு வந்திருக்கிறேன்.

"ஒரு தடவம்மா."

மாமாவின் எட்டு விரலும் மடங்கிவிட்டது. இப்போது வெடிக்கப்போகிறது என்று அப்பாகூட எழும்பி நின்றார். அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சுக்கா."

"அப்ப கை கழுவிட்டு வா. சோறு ஆறுது."

அவ்வளவுதான். அம்மா மாமாவுக்குத்தான் முதலில் சோறு போட்டார், பெரிய கரண்டியால். உண்மை சொன்ன எனக்கு ஒரு பாராட்டும் இல்லை. பல நாள் அது எனக்குப் பெரிய மனக்குறை. ஏழு வருடம் ஏமாற்றியவரை ஏன் திட்டவில்லை என்று விளங்கவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகளுக்குப் பூச்சி வராமலிருக்கப் பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்தேன். குளிர் காலத்தில் பெட்டியைத் திறந்தபோது மாமா வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அதே வாசம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எரிந்த கற்பூரம் துணியில் இப்படி மணக்காது. எரியாத கற்பூரம்தான் மணக்கும். ஏழு வருடம் அந்தச் சட்டைகளைத் துவைத்தது என் அம்மா. முதல் வருடமே தெரிந்திருக்கும். தெரிந்தும் அடுத்த வருடம் மஞ்சள் நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறார், அதற்கடுத்த வருடமும்.

கையை விடாதே என்று வாசலில் வைத்துச் சொன்னது என்னைப் பற்றிய பயத்தில் இல்லை. மலை ஏற்றிக் கூட்டிவா என்று அம்மா மாமாவை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். பன்னிரண்டு வயதில், மாமாதான் என்னைக் கூட்டிப்போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மலைக்குப் போக நினைத்துக் கீழேயே உட்கார்ந்திருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உள்ளபடி சொல்லுங்கள். காற்றில் எருமையைப் பறக்க விடாதீர்கள், மணியையும் கூட்டாதீர்கள். மாமாவைக் கண்டால் எட்டு என்றுதான் சொல்வார். ஒன்றுதான். எட்டு வருடம் என் அம்மா காத்திருந்தது அந்த ஒன்றுக்குத்தான்.