ஏழு மணி நேர வேலை

மயக்கம் தெளிந்ததும் என் மச்சான் ஏழுமலை கேட்ட முதல் கேள்வி: "மாமா, மணி இன்னா?"

போன செவ்வாய்க்கிழமை, மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில். வாட்ச்சைப் பார்த்து, "பன்னண்டு" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

ஏழுமலை என் மனைவியின் தம்பி. பென்னலூர்க்காரன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கணையத்தில் புற்றுநோய். அவனிடம் 'கட்டி' என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். கணையத்தின் தலைப்பக்கம், பித்தப்பை, குடலில் ஒரு துண்டு... எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைக்க ஏழு மணி நேரமாவது ஆகும் என்று சர்ஜன் அவனிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்கு உள்ளே போனான். பத்தரைக்கே சர்ஜன் வெளியே வந்துவிட்டார். கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எடுக்க முடியாது. பித்தநீர் இறங்க மாற்றுவழி ஒன்று தைத்து மூடிவிட்டாராம்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா... உறுதியா சொல்ல முடியாது. ஆனா முயற்சி பண்ணியிருக்கலாம்."

இரண்டு மாதம் முன்பு எங்கே இருந்தோம்? ஏழுமலைக்குக் கண் மஞ்சளானது. வலி இல்லை. மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கம் எவன் டாக்டரிடம் போகிறான்? நான்தான் ஸ்கூட்டரில் உட்காரவைத்து, ஒரகடம் தாண்டிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவரிடம் கூட்டிப்போனேன். மோரில் கலந்து, வெறும் வயிற்றில். உப்பில்லாப் பத்தியம். ஆள் இளைத்தான். பத்தியம் பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். முட்டாள்கள்!

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சுடா" என்றாள் என் மனைவி.

ஏழுமலை சிரித்தான். தையல் வலித்து நிறுத்தினான்.

"ஏழு மணி நேர வேலைன்னாரு. நாலு மணி நேரத்துல என்னைப் பெட்டுல போட்டுட்டாங்க. கியர்பாக்ஸ் எறக்கி ஏத்த எவ்ளோ நேரம் ஆவும்னு எனக்குத் தெரியாதாக்கா? தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க. இன்னா மாமா, நீயாவது சொல்லு."

வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊரையே திட்டுகிறவன் நான். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் சொன்னேன். புற்றுநோய் என்ற வார்த்தையையும் சொன்னேன். கீழாநெல்லிக்குக் கூட்டிப்போனது என் தப்பு என்பதையும் சொன்னேன்.

"நீ கூட்டிகினு போன. குடிச்சது நான்தான? வுடு மாமா. உன் மூஞ்சைப் பாத்தா உனக்குத்தான் ஆபரேஷன் ஆன மாதிரி கீது."

தையல் ஆறியதும் கீமோ. பாட்டில் மாட்டி நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். வாந்தி வரும், வாயெல்லாம் புண்ணாகும், கட்டி சுருங்கும் என்று உத்தரவாதம் இல்லை — டாக்டர் நேற்று இதையெல்லாம் அவனிடமே சொன்னார். மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அவன்தான்.

"முடியலன்னா நிறுத்திக்கலாமா சார்?"

"தாராளமா."

"அப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

உங்கள் வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், முதலில் டாக்டர், அவர் சொன்னால் ஸ்கேன். கீழாநெல்லி எங்கேயும் ஓடிப்போகாது — நாள்தான் ஓடிவிடும்.