அடுப்பு வைத்த மூலை

மலாயாவின் அவசரகாலத்தில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். காட்டோரம் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து, முள்வேலிக்குள் ஒரே இடத்தில் புது வீடுகள் கட்ட உத்தரவு வந்திருந்தது. வேலியைப் பார்த்த சுவரில் ஜன்னல் வைக்கக் கூடாது. வீட்டுக்குள் அடுப்பு எங்கே என்பதை மட்டும் குடும்பங்களே சொல்லலாம். அதைக் கேட்டு வரைபடத்தில் குறிப்பது என் வேலை.

எல்லோரும் அக்கினி மூலையையே கேட்டார்கள். வேறெதையும் தேர்ந்தெடுக்க விடாத இடமாற்றத்தில் இது ஒன்றாவது முறைப்படி நடக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். துரையின் அறையிலிருந்து திசைகாட்டியை வாங்கிப் போய், கயிறு பிடித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தென்கிழக்கைப் பிசகாமல் குறித்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

எங்கள் வரிசையில் தென்கிழக்கு, வீட்டின் பின்பக்கம் விழுந்தது. தெற்கே வேலியைப் பார்த்த சுவர். கிழக்கே அடுத்த வீட்டுக்கும் பொதுவான சுவர். புகை வெளியேற வேண்டுமானால் வீடு முழுவதையும் கடந்து, வாசல் பக்கத்து ஒற்றை ஜன்னலுக்கு வர வேண்டும். குறிக்கும்போதே எனக்கு இது தெரியும்.

நான் அக்காவோடு குடியிருந்தேன். கணவனை இழந்தவள், பால் வெட்டிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சிழுப்பு வரும்.

"வாசல் பக்கம், ஜன்னலுக்குக் கீழ வச்சிடு தம்பி."

"நுழைஞ்சதும் அடுப்பா? சிரிப்பாங்கக்கா. அக்கினி மூலைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மூலையா இருமப்போவுது? நான்தானே இருமணும்."

கொத்தனாரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. தோட்டத்துக்கே மூலை பார்த்துக் கொடுத்த கிராணி தன் வீட்டில் மட்டும் வாசலில் அடுப்பு வைத்தான் என்ற பேச்சுக்குப் பயந்தேன். சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்திருந்த கொத்தனார், சிமெண்ட் குழைத்த அன்று தாமாகவே கேட்டார்.

"கிராணியாரே, இந்த வரிசைக்கு இது சரிப்படாதுலா. புகை உள்ளயே சுத்தும். உங்க வீட்டையாவது மாத்திக் கட்டட்டுமா?"

"பிளான்ல உள்ளபடி கட்டுங்கண்ணே."

"பிளான் போட்டதே நீங்கதானே" என்று சிரித்துவிட்டுக் கட்டினார்.

அக்காவிடம், கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஊரடங்கு முடியும்வரை கதவைத் திறக்க முடியாது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் கைக்குப் போகாமலிருக்க, வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகவும் தடை. ஆகவே வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சோதனைக்கு வரிசையில் நிற்பார்கள். மூடிய வீட்டில் ஈரமான ரப்பர் விறகு எரிந்தது. அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உலை வைத்தாள். அடுப்பை இடித்து மாற்ற ஒரு பகல் போதும். மாற்றினால், இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று கேட்பாள். அதனால் நாளைத் தள்ளினேன்.

பால் வாளிகளோடு அவள் நிறுவைக்கு வந்து சேர நேரமாகிக்கொண்டே போனது. மழை தொடங்கியதும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவள் வெட்டிவந்த மர நிரையை வேறொருத்திக்குக் கொடுத்து, அவளைப் புல்வெட்டுக்கு அனுப்பினார். எந்த மரத்தில் எவ்வளவு பட்டை மிச்சமிருக்கிறது என்று பார்க்காமலே சொல்லக்கூடியவள்.

அந்த வாரமே அடுப்பை வாசல் பக்கம் மாற்றினேன். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வரிசையில் மூன்று வீட்டார் வந்து பார்த்துவிட்டுத் தாங்களும் மாற்றிக்கொண்டார்கள். அக்காவின் இருமல் குறைந்தது. நிரை திரும்ப வரவில்லை.

சில மாதம் கழித்து, கிணற்றுக் கட்டை பூச அதே கொத்தனார் வந்தார். எங்கள் வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். யார் வந்தாலும் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கும் அக்கா, காதில் விழாதவள்போல் உள்ளே போய்விட்டாள்.

"அக்காவுக்கு என்மேல ஏதும் கோவமா?" என்று என்னிடம் கேட்டார்.

"உடம்பு சரியில்லைண்ணே" என்று சொல்லி, நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.