எல்லோருக்கும் முதல் பந்தி

போன வருஷம் ஆவணி மாதம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். நூல் மில்லில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆனால் அன்று நான் போனது, அதே மில்லில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் கல்யாணத்துக்கு. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, நல்ல பசி. வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை, சத்தியமாக!

தோழியின் அப்பா சில நாள் முன்னால் நெஞ்சுவலி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தேதியை மாற்றக் கூடாது என்று ஒரே பிடிவாதம். அவர்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணின் அப்பா "கட்டுங்க" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். அதனால் வீடியோ காலுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடையில் கேமராவோடு ஒரு லேப்டாப், அங்கே அவர் கையில் போன். ஆளில்லாத மண்டபத்தில் விடியற்காலை சோதித்துப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது.

நரிக்குடிப் பக்கமிருந்து வேன் வேனாகச் சனம் வந்து இறங்கியதும் வந்தது வினை. மண்டபத்து வைஃபை பாஸ்வேர்டை வாசலிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். ஆளாளுக்கு வீடியோ எடுத்து அனுப்ப, இருந்த ஒரே லைன் திணறிப்போனது. ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

"படம் அப்படியே நிக்குதும்மா. எம் மக முகம் தெரியலையே... பாக்காம எப்படிச் சொல்லுவேன்?"

மணவறையில் தோழி அழ ஆரம்பித்துவிட்டாள். நேரம் போகுது என்று ஐயர் அவசரப்படுத்தினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்டபத்துக்காரரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, வைஃபைய அமத்திருவமா?"

"ஏத்தா, விருந்தாளிக்குக் குடுத்தத புடுங்கச் சொல்றியா? மாப்ள வீட்டுக்காரவுக என்ன நெனைப்பாக?"

அதுவும் நியாயம்தான். சரி, யாரையும் நிறுத்த வேண்டாம், அந்த ஒரு காலுக்கு வழிவிட்டால் போதும். மண்டபத்தின் எல்லா இணைப்பும் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். எது எங்கிருந்து வருகிறது என்று பார்த்து வகை பிரிக்க அதில் ஒரு பட்டியல் எழுதலாம். ஆக்சஸ் லிஸ்ட் என்போம். அவசர வகையில் சேர்ந்தது முன்னால் போகும், மற்றது பின்னால் போகும்.

அண்ணாச்சி பக்கத்தில் நிற்க, ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டர் முன்னால் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சுவிட்சின் பாஸ்வேர்டு அதன் தலையிலேயே ஒட்டியிருந்தது. நம்மூர்ப் பாதுகாப்பு! லேப்டாப்பின் முகவரியை அவசர வகையில் எழுதினேன். படம் இன்னும் அசையவில்லை என்று ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் கேட்டது. பதறிப்போய்ப் பட்டியலை மேலிருந்து பார்த்தால், யார் வந்தாலும் அவசர வகை என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறது! சுவிட்ச் மேலிருந்துதான் படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும். நான் கீழே எழுதியதை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இத யாரு போடச் சொன்னா அண்ணாச்சி?"

"நாந்தேன். வாரவுக அம்புட்டுப் பேரும் நமக்கு வேண்டியவுக, எல்லாரையும் மொதப் பந்தியிலயே உக்கார வைய்யின்னு லைன் மாட்ட வந்தவன்கிட்டச் சொன்னேன்."

அழுவதா, சிரிப்பதா! ஊரே முதல் பந்திக்குப் பாய்ந்தால் வாசலில் நெரிசல்தானே?

"பொண்ணோட அப்பாவுக்கு மொத எலை, மத்தவுகளுக்கு அடுத்த பந்தி. சம்மதமா?"

"போடுத்தா, போடு!"

அந்த வரியைத் தூக்கினேன். லேப்டாப்பை முதலில் வைத்து, மற்ற எல்லோரையும் அதற்குக் கீழே சாதாரண வகையில் சேர்த்தேன். என்டர் தட்டியதும், முதல் வரியில் பொருந்தி முன்னால் போகும் லேப்டாப் தகவல்களின் எண்ணிக்கை திரையில் கிடுகிடுவென்று ஏறத் தொடங்கியது. "ஏறுது! ஏறுது!" என்று நான் போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

ஸ்பீக்கரில் ஒரு விசும்பல். பிறகு, "தெரியுது... எந் தாயி தெரியுறா! கட்டுங்க மாப்ள, கட்டுங்க!"

கெட்டிமேளம் மண்டபத்தைத் தூக்கியது. தாலி கட்டியதை நான் பார்க்கவே இல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த அட்சதையை அவிழ்த்து, அழுதுகொண்டே அந்தச் சுவிட்சின் மேல் போட்டேன்.

இன்றும் மில்லில் எந்தச் சுவிட்சில் பட்டியல் எழுத உட்கார்ந்தாலும் அந்தக் குரல் காதில் கேட்கிறது. முதல் இலைக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் முதல் வரியில் கை வைக்கிறேன்.