என் படத்தோடு ஒரு பொய்க் கணக்கு

மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒருநாள் இடைவேளையில் கூடப் படிப்பிக்கிற ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். முகநூலில் என் படம், என் பெயர். நான் திறக்காத கணக்கு. அதிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு, வாயால் சொல்லக் கூசும் செய்திகள் போயிருந்தன. போனவற்றில் ஒன்று அந்த ரீச்சரின் கணவருக்கு; அவர்களுடைய பிள்ளையும் என் வகுப்புத்தான்.

படம் எங்கே எடுத்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அக்காவின் மகள் வயதுக்கு வந்தபோது வைத்த சாமத்தியச் சடங்கில் எடுத்தது. படம் பிடித்தவர் முழு அல்பத்தையும் விளம்பரத்துக்காகத் தன் பக்கத்தில் போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். முறைப்பாட்டை மரியாதையாகவே பதிந்தார்கள். "கொழும்புக்கு அனுப்ப வேணும், கொஞ்சம் சுணங்கும்" என்றார்கள். முகநூலுக்கும் அறிவித்தேன். அந்தக் கணக்கு தங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. அந்தச் செய்திகளில் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த தமிழ் அவர்களுக்கு விளங்கியிராது.

பள்ளிக்கூட அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும் ரீச்சர். ஆனா சனம் கதைக்குது." ஒரு தாய் தன் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றிக்கொண்டார். பெற்றார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரத்தில் நான் பள்ளி வாசல் பக்கம் போவதைக் குறைத்தேன்.

அந்த நாட்களில்தான் இணையத்தில் பொய்யும் அவதூறும் போடுவதைத் தடுக்கப் புதுச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சட்டம் வரட்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். தம்பியும் வந்தான். பேசிய இளம் பெண் சட்டத்தரணி, அந்தச் சட்டம் வந்தால் எது பொய் என்று அரசு நியமிக்கும் ஒரு சிலர் இருந்து தீர்மானிப்பார்கள், அரசுக்குப் பிடிக்காததையும் அவர்கள் பொய் என்று சொல்லலாம் என்றார். பின்வரிசையில் ஒருவர், "பொம்பிளையளைப் பாதுகாக்கத்தானே கொண்டு வருகினம்?" என்று கேட்டார்.

பக்கத்தில் தம்பி குனிந்தபடி இருந்தான். முந்திய வருடம், போரில் இறந்த எங்கள் அண்ணையின் நினைவுக்கு அவன் முகநூலில் ஒரு விளக்கின் படத்தைப் போட்டிருந்தான். மறுநாளே புலனாய்வுக்காரர் இரண்டு பேர் சிவில் உடுப்பில் வீட்டுக்கு வந்து, யாருக்காக அந்த விளக்கு என்று விசாரித்தார்கள். அவர்கள் முன்னாலேயே அதை அழித்தான்.

நான் எழும்பினேன். கதைப்பதாக நினைத்துப் போகவில்லை.

"என்ரை பேரிலை ஒரு பொய்க் கணக்கு இருக்குது. அதை எடுக்க இன்னும் ஒருத்தரும் வரேல்லை. என்ரை தம்பி ஒரு விளக்குப் படம் போட்டதுக்கு அடுத்த நாளே வந்திட்டினம். எனக்குச் சட்டம் வேணும். ஆனா உந்தச் சட்டம் முதல்லை ஆரிட்டை வரும் எண்டு சொல்லுங்கோ."

சட்டத்தரணி நான் சொன்னதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் அவரே வந்து என் கையைப் பிடித்தார். முகநூல் நிறுவனத்துக்கு எப்படி எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செய்திகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் பெயர்த்து, என் அடையாள அட்டையோடு அனுப்பினார். அடுத்த கிழமை அந்தக் கணக்கு இல்லாமல் போனது.

படம் பிடித்தவரிடமும் போனேன். "எல்லாரும் போடச் சொல்லித்தான் கேக்கினம் ரீச்சர்" என்றார். பிறகு என் முன்னாலேயே தன் பக்கத்திலிருந்து அல்பத்தை எடுத்துவிட்டார்.

சட்டமும் பிறகு வந்தது. கணக்கைத் திறந்தவர் யார் என்று மட்டும் இன்றுவரை தெரியாது. பெற்றார் கூட்டங்களில் எல்லோரோடும் சிரித்துத்தான் கதைக்கிறேன். ஆனால் யாராவது என்னிடம் போன் நம்பர் கேட்டால், பள்ளிக்கூட நம்பரைத்தான் கொடுக்கிறேன்.