செக்கிங்கில் பாஸான கொலைகாரன்

கட்டிங் மாஸ்டர் லிங்கசாமி ஐம்பத்திரண்டு வயதுக்குள் பன்னிரண்டு முறை கொலையுண்டவர். அனுப்பர்பாளையம் பக்கத்தில் எங்கள் பனியன் கம்பெனி. வருடா வருடம் ஆயுத பூஜையன்று அங்கே அவருடைய துப்பறியும் நாடகம் நடக்கும். எழுதுவதும் அவரே, பிணமாகப் படுப்பதும் அவரே. திரை இழுப்பது நான். பிணமாகப் படுத்தால் கூட்டம் பேசுவதை நிம்மதியாகக் கேட்கலாம் என்பது அவர் எண்ணம். கேட்டதெல்லாம் வயிற்றெரிச்சல்தான். இடைவேளைக்கு முன்பே எவனாவது "கொன்னது சமையக்காரனுங்க!" என்று கத்திவிடுவான். கடைசிக் காட்சிவரை கொலைகாரன் யாரென்று தெரியாமல் ஒரே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்க வேண்டும். மனிதருக்கு அது ஒன்றுதான் ஆசை. பெண்ணின் கல்யாணம்கூட அதற்கு அடுத்ததுதான்.

2006-ல் பார்வையற்றோர் சங்கத்திலிருந்து முப்பது பேரை அழைத்தார். கண் தெரியாதவர்களுக்குக் கொலைகாரனும் தெரிய மாட்டான் என்பது அந்த மேதையின் கண்டுபிடிப்பு. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. வந்தவர்கள் முதலில் மேடையேறி நாற்காலி, கட்டில், துப்பாக்கி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்கள். நடப்பதை மைக்கில் சொல்வதற்குச் செக்கிங் பிரிவு அன்புசெல்வியை உட்கார வைத்தார்.

அன்புசெல்வி பதினைந்து வருடமாக டீ-ஷர்ட்டில் குறை தேடுகிறவள். நாடகத்தில் சாகிற பண்ணையார் முதல் டாக்டர்வரை எல்லோருக்கும் எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட, காலரும் பட்டனும் வைத்த ஒரே மாதிரி ஊதா டீ-ஷர்ட்தான் வேஷம்.

"பண்ணையார் கையில ஒரு பட்டன் சிக்குது. டாக்டர் சட்டையிலிருந்து பிஞ்சது. டாக்டருக்குப் பட்டன் இல்லீன்னு மட்டும் சொல்லிப்புடாத கண்ணு" என்று லிங்கசாமி கெஞ்சினார்.

"சொல்லலீங்க மாஸ்டர்."

திரை திறக்கும் நேரத்தில், டாக்டர் வேஷம் போட்ட அயர்னிங் முனீஸ் அந்தப் பட்டனைத் தொலைத்துவிட்டு நின்றான். லிங்கசாமி அவசரமாகத் தன் சட்டையின் கீழ்ப் பட்டனையே பிய்த்துக் கைக்குள் மூடிக்கொண்டு செத்துப்போனார்.

மைக் பேசியது. "பண்ணையார் செத்துக் கெடக்கறாருங்க. இடது தோள்ல ஆயில் கறை. கீழ்ப் பட்டன் மிஸ்ஸிங், நூலு தொங்குது." பிறகு, "டாக்டர் வர்றாருங்க." அவள் வாய் துடித்ததை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். "குறை ஒண்ணுமில்லீங்க. பாஸ்."

இடைவேளைவரை ஒருவரும் கத்தவில்லை.

"பண்ணையார் சிரிக்கறாருங்க" என்றாள் அன்புசெல்வி.

கடைசிக் காட்சியில் முனீஸ் மண்டியிட்டு, "நாந்தேன் கொன்னேன்!" என்று கதறினான்.

சங்கத்திலிருந்து வந்த முப்பது பேரில் ஒருவரான நாச்சிமுத்து முதல் வரிசையில் எழுந்தார். இன்னொரு பனியன் கம்பெனியில் தைத்த பீஸ் மடிக்கிற வேலை அவருக்கு. "நம்பற மாதிரி இல்லீங்களே. அவரு செக்கிங்ல பாஸானவரு. இது தற்கொலைங்க. சாகற வேதனைல தன்ற பட்டனையே பிச்சுட்டாரு."

"சத்தியமா நாந்தேன் கொன்னேன்ணே!"

"கம்முனு இருங்க தம்பி. நீங்க யாரையோ காப்பாத்தறீங்க."

நாச்சிமுத்து தடுமாறாமல் மேடையேறி நேராகக் கட்டிலுக்கு வந்தார். பிணத்தின் கையை விரித்துப் பட்டனைத் தடவினார். அதில் ஒட்டியிருந்த நூலையும் சட்டையில் தொங்கிய நூலையும் விரலில் வைத்து உருட்டினார்.

"ரெண்டும் ஒரே நூலுங்க!"

முப்பது பேரும் கை தட்டினார்கள். எங்கள் கம்பெனிக்காரர்களும் தட்டினார்கள். லிங்கசாமி கண்ணைத் திறந்தார். "எழுதியவன் நான், கொன்றது டாக்டர்தான்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசிக் காட்சிவரை முடிவு தெரியாத கூட்டம் அவருக்குக் கிடைத்தேவிட்டது. அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவராக இருந்தார்.

"ஆமாங்க, தற்கொலைதானுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி செத்துப்போனார்.

நான் திரையை இழுத்தேன். மைக் இன்னும் ஓயவில்லை.

"பண்ணையார் அழுவறாருங்க."