சீனத்துப் பாட்டும் கேண்டீன் பாட்டும்

முறத்தில் அரிசி எழும்பி விழும் ஓசை எங்காவது கேட்டால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். அம்பத்தூரில் அப்பா கணக்கராக இருந்த திருகாணித் தொழிற்சாலையின் கேண்டீன், "லைன் ஊடு" என்று சொல்லப்பட்ட எங்கள் குடியிருப்புக்கு நேர் பின்னால் இருந்தது. காலையில் அதன் புறக்கடையில் பெண்கள் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார்கள். அவர்களில் ஓர் அக்கா பாட்டுக் கட்டுவார். கணவனை இழந்தவர், பூந்தமல்லியிலிருந்து கைக்குழந்தையோடு பஸ்ஸில் வருவார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓங்கிக் கேட்கும் குரல் மற்ற நாட்களில் கேண்டீனுக்கு உழைத்தது.

"சோத்துல கல்லு கீது, கொயம்புல தண்ணி கீது,
தொர ஊட்டு நாயிக்கின்னா தொட்டி நெறயக் கறி கீது!"

"தொர" என்பது மேனேஜர். "அய்ய, அந்தாளு காதுல கேட்டுடப் போவுதுடி" என்பார் பக்கத்தில் இருப்பவர். "கேக்கட்டுமே, அப்பவாச்சும் கல்லு இல்லாத சோறு துன்னலாம்" என்பார் அக்கா. முறங்கள் சிரிப்பில் குலுங்கும்.

அந்த வருஷம் பேச்சுப் போட்டியில் எனக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. மிகப் பழைய சீனப் பாட்டுகளின் தொகுப்பு, தமிழில். உழுதவர்கள், எல்லைக் காவலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், காத்திருந்த பெண்கள், வரி கொடுத்து நொந்தவர்கள் பாடியவை. பாட்டுகளைவிட முன்னுரைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த நாட்டு அரசர் ஆட்களை அனுப்புவாராம். அவர்கள் மரநாக்கு வைத்த மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜனங்கள் பாடுவதைக் கேட்டு வருவார்களாம். அரசர் அதைக் கேட்டுத் தம் ஆட்சியின் குறைகளைத் திருத்திக்கொள்வாராம். பதினொரு வயதில் இதை ஓர் எழுத்து விடாமல் நம்பினேன். இப்படிப்பட்ட பொய்யை நல்ல தாளில் அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. ஏறக்குறைய முந்நூறு பாட்டு. கட்டியவர் பெயர் அநேகமாக எதிலுமே இல்லை. பாட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்களே என்று ஆத்திரப்பட்டேன்.

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசி, ஊழியர்களின் பிள்ளைகளைப் பாடவைப்பார்கள். அம்மா எனக்குப் பிள்ளையார் பாட்டு பழக்கியிருந்தார். நான் துரைக்கு எதிரே நின்று கேண்டீன் பாட்டைப் பாடினேன். பிறகு துரை சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். என்னை அருகே அழைத்து, பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்து, "பலே! யாரு தம்பி கட்டினது?" என்றார்.

கூட்டத்தில் நின்ற அப்பா, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், புத்தகத்தில் விட்டுப்போன பெயர்களுக்கெல்லாம் ஈடு செய்கிறவன்போல, அக்காவின் பெயரை அவருடைய தகப்பனார் பெயரோடு சேர்த்து உரக்கச் சொன்னேன்.

விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த அக்காவைக் காவலாளி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். சோற்றில் கல் குறையவில்லை. பொறுக்க ஓர் ஆள் இல்லாமல் போனதில் கூடத்தான் செய்தது.

அன்று மாலை குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். கைல கொயந்த கீது" என்றார். "நான் சொன்னா எடுபடாதும்மா" என்று அப்பா செய்தித்தாளை மடித்தார். சொல்லிப் பார்த்தால்தானே எடுபடுமா படாதா என்று தெரியும்? அவர் கடைசிவரை சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற என்னை அக்கா கண்டுகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஷோக்கா பாடினியாமே நைனா. பாடிகினு போவ வேண்டியதுதான? பேர ஏன்டா சொன்ன?"

திருநின்றவூர்ப் பக்கம் வீட்டு வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு அம்மா சொன்னார். சம்பாதித்து, மன்னிப்புக் கேட்கும் வயது வந்த பிறகும், ரயிலில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய அந்த ஊருக்கு நான் போகவில்லை. கோபத்தைத் துரைக்குப் பாதி, அப்பாவுக்குக் கால், புத்தகத்துக்குக் கால் என்று பங்கு போட்டே ஆயுளைக் கழித்துவிட்டேன். அப்பா தலையை ஆட்டியதைப் பார்த்தவன் நான். அந்தப் பங்கீடு செல்லாது.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். கல் நீக்கிய அரிசி பையில் வருகிறது. முறத்தைச் சுற்றி யாரும் உட்காருவதில்லை. துரைகள் இருக்கிறார்கள், பாட்டுத்தான் இல்லை. அந்தப் புத்தகம் அட்டை போய் என்னிடம் கிடக்கிறது. அதில் பெயர்கள் விட்டுப்போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன். மணியை ஆட்டிக்கொண்டு வந்தவனுக்கு ஊர் பாட்டைக் கொடுத்துவிட்டு, பெயரைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கும்.

இதைப் படித்துப் பார்த்த என் மகள், "எல்லாம் எழுதிட்டு அவங்க பேர மட்டும் விட்டுட்டியேப்பா. என்ன பேரு?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன், அன்று துரைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை.