சகலையின் க்ரீம் கலர் சீட்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணாமல் இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவர், உடம்புக்கு என்ன என்று கேட்டார். இன்னொருவர், எழுத ஒன்றும் சிக்கவில்லையா என்று கேட்டார். இரண்டும் இல்லைங்க. குடும்பத்தோடு மூணாறு போயிருந்தேன். மூணாறு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்... நான் பார்த்ததெல்லாம் என் சகலையைத்தான்.

சகலை என்றால் என் மனைவி கவிதாவின் தங்கை சுதாவுக்குக் கணவர். வயதில் என்னைவிட ஆறு வருடம் சின்னவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் குவாலிட்டி பார்க்கிற பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனுக்கு வேலைக்கு வந்தார். துணியை எப்படித் தடவிப் பார்ப்பது, கலர் நிற்குமா போகுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம் என் டேபிளில் நின்று பழகியவர். "பையன் தங்கமான பையன், கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க" என்று மாமனாரிடம் சிபாரிசு செய்ததும் சாட்சாத் நான்தான்.

இப்போது அவருக்குச் சொந்தமாக ஒரு கார்மென்ட்ஸ் யூனிட். எனக்கு? அதே டேபிள். நாற்காலியை மட்டும் ஒருமுறை மாற்றினார்கள்.

பொறாமை என்பது ஒரு விசித்திரமான சாமான். டிவியில் வருகிற கோடீஸ்வரர் மேல் அது வருவதே இல்லை. அவர் விமானமே வாங்கினாலும் நாம் பாட்டுக்குத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். நம்மோடு ஒரே கடையில் நின்று டீ குடித்த ஆள் ஒரு கார் வாங்கட்டும் பார்க்கலாம்... அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்காது!

அவர் கார் வாங்கினார். ஏழு பேர் உட்காருகிற பெரிய கார். மேலே கூரை திறக்கும். உள்ளே க்ரீம் கலர் லெதர் சீட். பிளாஸ்டிக் கவரைக் கழற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அதையும் பொறுத்திருப்பேன். ஆனால், போன மாதம் பள்ளியில் 'நான் யாரைப் போல ஆக விரும்புகிறேன்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆறாவது படிக்கிற என் மகள் தாரணி ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிவிட்டு வந்தாள். யாரைப் பற்றி? சித்தப்பாவைப் பற்றி! டீச்சர் அதில் 'வெரி குட்' என்று வேறு போட்டிருந்தார்.

வெரி குட்டாம்!

தீபாவளிக்கு எங்கள் ஊர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். போனஸ் போட்டு, கம்பெனியைப் பூட்டி, ஒரு வாரத்துக்குத் திருப்பூரில் ஒரு தையல் மெஷின் சத்தம் கேட்காது. வெளியூர்க்காரர்கள் சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் மொத்தமாக மலை ஏறிவிடுவார்கள். நாங்கள் மலைக்குப் போகிற ஜாதி.

"ஒரே கார்ல போயிரலாமுங்ண்ணா. ஏழு பேருதான்... எல்லாரும் நம்ம கார்லயே உக்காந்துக்கலாம்" என்றார் சகலை.

"எதுக்குங்க? எங்க காரும் மலை ஏறும்" என்றேன்.

என் கார் பதினோரு வயதுப் பழசு. ஏசி போட்டால் காற்று வரும், குளிர் வராது. இருந்தாலும் என் மகள் என் காரில்தான் வர வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். மூணாறு கிடக்கட்டும், தேயிலை கிடக்கட்டும்... பின் சீட்டில் தாரணி இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்திலாவது அவரை முந்திவிட நினைத்தேன். எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து பழனிக்குப் போனாலும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அடித்துவிடுவார்கள். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யூனிட் வைத்திருப்பவரைவிடக் குவாலிட்டி பார்ப்பவன் நல்லதாகச் செய்வான் என்று காட்ட வேண்டாமா? சாம்பிள் ரூமில் ஒரு மெரூன் கலர் ரோல் கிடந்தது. தொட்டால் பூ மாதிரி துணி. வேஸ்ட்டுக்குப் போகப்போகிற ரோல்தான், எடுத்துக்கொள் என்றார் முதலாளி.

வேஸ்ட்டுக்கு ஏன் போகிறது? 'ஈரத்தில் கலர் போகிறது – ஹோல்டு' என்று அதில் ஒரு அட்டை தொங்கியது. அதை எழுதியது யார்? நானே.

இரண்டு நாள் போட்டுக் கழற்றப்போகிற டி-ஷர்ட்தானே... யார் நனையப்போகிறார்கள்? அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏழு பீஸ் தைத்தேன். சகலைக்கு மட்டும் வேண்டுமென்றே ஒரு சைஸ் சின்னதாகத் தைக்கச் சொன்னேன். தொப்பை தெரியட்டும் என்று நல்ல எண்ணம்தான். மனிதர் ஜிம்முக்குப் போய் இளைத்திருந்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது!

"கலரு சூப்பருங் மாமா" என்றாள் சுதா. அந்த ஒரு நிமிடம்தான் அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போதே ஆரம்பித்தது.

"அப்பா, நான் சித்தப்பா கார்ல வரட்டுங்களா? மேல தெறக்குமாம்..."

"நம்ம கார்ல ஜன்னல் தெறக்கும் கண்ணு. ஏறு."

ஏறினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பல்லடம் ரோட்டில் கூட்டமாக இருக்கும், எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும் என்று பொங்கலூர் பக்கம் வண்டியைத் திருப்பினேன். அவருக்கு முன்னால் உடுமலை போய்க் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது திட்டம். குறுக்கு வழியில் எங்களுக்கு முன்னால் யார் போனது தெரியுமா? கறிக்கோழி ஏற்றிய லாரி. ஏசி குளிராத கார், திறந்த ஜன்னல், பறக்கிற இறகு. ஒதுங்க இடமில்லாத ரோட்டில் முக்கால் மணி நேரம் அந்தக் கோழிகளின் பின்னாலேயே போனோம்.

"ஏனுங்க, இதுதான் உங்களுக்குத் தெரிஞ்ச வழியா?" என்றாள் கவிதா, தலையிலிருந்து இறகை எடுத்தபடி.

உடுமலையில் சகலை ஒரு பேக்கரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு டீ சொல்லி, தாரணிக்குத் தேங்காய் பன் வாங்கித் தயாராக வைத்திருந்தார். ஒரு வார்த்தை... ஏன் லேட் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனதை ஆற்றியிருப்பேன்.

காட்டுக்குள் நுழைகிற செக்போஸ்ட்டில் வரிசை. பார்த்தால் முக்கால்வாசி நம் ஊர் முகங்கள். பச்சை டி-ஷர்ட் குடும்பம், மஞ்சள் டி-ஷர்ட் குடும்பம், நீலக் குடும்பம். திருப்பூரையே காயப்போட்ட மாதிரி இருந்தது. எங்கள் கம்பெனியில் தைக்கிற டைலர் ஒருவர்கூட மனைவி மக்களோடு நின்றிருந்தார்.

"ஏனுங் சார், மெரூனு தூக்குதுங்களே! எந்த டையிங்ல சாயம் போட்டதுங்க?" என்றார்.

நான் அவசரமாக யானை எங்கே வரும் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

மறையூர் தாண்டி மலை ஏற்றம். முன்னால் சகலையின் கார் சர்ரென்று ஏறியது. திறந்த கூரை வழியே தலையை நீட்டி அவருடைய பையன்கள் இரண்டு பேரும் எங்களுக்குக் கை காட்டினார்கள். தாரணியும் ஏக்கமாகக் கை காட்டினாள்.  ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

எட்டாவது வளைவிலோ ஒன்பதாவது வளைவிலோ என் காரின் முன்னாலிருந்து புகை வந்தது. அப்புறம் ஒரு சத்தம். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

போனில் சிக்னல் இல்லை. பானெட்டைத் திறந்து மூன்று பேரும் வெளியே நின்ற நேரம் பார்த்து மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. கார் மேலே கட்டியிருந்த பெட்டிகள் நனையாமல் தார்ப்பாயைப் போட்டு மூடுவதற்குள் நாங்கள் தொப்பலாகிவிட்டோம். கூப்பிடவும் வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தபோது, மேலே போன பெரிய கார் திரும்பி இறங்கி வந்தது. கண்ணாடியில் எங்களைக் காணோம் என்று எட்டு கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கிறார்.

"வாங்ண்ணா, ஏறுங்க ஏறுங்க. நீங்க முன்னாடி உக்காருங்க. சுதா, நீ பின்னால போ. புள்ளைக்குத் தலை தொவட்டிவிடு."

"ஈரமா இருக்கோமுங்க... சீட்டு..."

"சீட்டு என்னங்ண்ணா பெரிய சீட்டு. ஏறுங்க."

ஏறினோம். அப்படி ஒரு சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை. பின்னால் தாரணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. காலையிலிருந்து அப்போதுதான் சிரிக்கிறாள்.

கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது, என் முதுகு சாய்ந்திருந்த இடம் கண்ணில் பட்டது. க்ரீம் கலரைக் காணோம். மெரூன்.

சட்டென்று சாய்ந்துகொண்டேன். இருபது வருடமாக டிஃபெக்டைத் தேடித் தேடிப் பிடித்தவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு டிஃபெக்டின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. மழை விட்டிருந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

"டீ வேண்டாமுங்க. கால் மரத்துப்போச்சு" என்றேன்.

எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? மூணாறிலும் இறங்காமல் இருந்துவிட முடியுமா? அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தாரணி கத்தினாள்.

"அப்பா! நாங்க உக்காந்த எடமெல்லாம் கலரு! என் கையெல்லாம் செகப்பு!"

கவிதா எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.  சுதா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். சகலை மெதுவாக என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். பையிலிருந்து வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்தார். என் தோள்பட்டைத் துணியில் வைத்து நாலு தேய் தேய்த்தார். விரித்துப் பார்த்தார். என் டேபிளில் நின்று பழகிய அதே தேய்ப்பு.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்துவிட்டது.

"என்னாச்சுங் சித்தப்பா? அப்பா குடுத்த டி-ஷர்ட்டு மோசமுங்களா?" என்றாள் தாரணி.

அவர் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இல்ல கண்ணு. சீட்டுக்கு நேத்து ஏதோ பாலீஷ் போட்டு உட்டானுங்க. அந்த மருந்து பட்டுத்தான் கலரு எறங்கீருக்குது. உங்கப்பா பாஸ் பண்ணுன துணி... போகுமா?"

தாரணி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்... அப்படிப் பெருமையாக அவள் என்னைப் பார்த்து எத்தனை நாளாகிறது! அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சுதாவே நம்பிவிட்டாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் என்னால் முடியவில்லை. உண்மை பேசுகிற உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வந்தது சுத்தமான வயிற்றெரிச்சல். கார் அவருடையது, சீட் அவருடையது, திரும்பி வந்து காப்பாற்றியது அவர்... இப்போது என் மகள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிய பெருமையும் அவருக்கேவா? விடுவேனா!

"மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்றேன், இறங்கி நின்று. என் முழு உருவமும் சீட்டில் அச்சாகியிருந்தது. "அந்த ரோல்ல கலர் போகும்னு அட்டை எழுதித் தொங்கவிட்டதே நான்தான். தெரிஞ்சேதான் தச்சேன்."

"தெரிஞ்சே ஏனுங்ப்பா தச்சீங்க?"

"உங்க சித்தப்பாவைவிட ஒண்ணாவது நல்லா செஞ்சு காட்டணும்னு."

 கவிதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.  சகலை என் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார்.

"டீ ஆறுதுங்ண்ணா. குடிங்க."

அவ்வளவுதான். ஒரு மனிதர் திட்டக்கூட மாட்டேன் என்றால் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்?

மூணாறில் இரண்டு நாளும் பனிமூட்டம். எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை, மலை எங்கே தெரியும்? ஓட்டல்காரரின் வெள்ளைத் துண்டுகளை எல்லாம் ரோஸ் கலராக்கிவிட்டு, அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

திரும்பும்போது, மறையூர் மெக்கானிக்கிடம் இழுத்து வந்து விட்டிருந்த என் கார் தயாராக நின்றது. பெட்டிகளை மாற்றினோம். நான் யாரையும் கூப்பிடவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது? சாவியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தாரணி. பின் சீட்டில்கூட இல்லை, முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா கார்ல போகலையா கண்ணு?"

"இல்லீங்ப்பா. உங்ககூடத்தான் வருவேன்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏசி குளிராதது தெரியவில்லை. மேலே கூரை திறக்காதது தெரியவில்லை. மறையூரிலிருந்து திருப்பூர் வரைக்கும் என் மகள் என்னோடு, என் காரில்தான் வந்தாள்.

வழி முழுக்க, சித்தப்பா எவ்வளவு நல்லவர் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.